மூக்கு மாட்டிய பிஸ்டல்

மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். எல்லோரும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிற இளைஞர்கள். யாரோ என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். பிஸ்டல் குழலின் முனையில் திருகு மரை வெட்டியிருக்கிறது, அதில் காம்பென்சேட்டர் மாட்டிக்கொள்ளலாமா, சட்டப்படி தப்பா? அவர்களுக்கு ஒரு வரியில் பதில் வேண்டும். எனக்கு ஒரு வரியில் சொல்ல வராது. விவரமாகச் சொல்ல ஆரம்பித்தால், "சரிங்க சார், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறார்கள். இதுவரை ஒருவர்கூட அப்புறம் கூப்பிட்டதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். இதையும் பாதியில் மூடிவைப்பார்கள். ஆனால் அது எனக்குத் தெரியாது, அந்த மட்டில் நிம்மதி.

சேலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, இரண்டு மில்களில் வேலை கேட்டுக் கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுவதும் துரு தேய்த்தேன். அடுத்த இரண்டு வருஷம் ஸ்பிரிங், திருகாணி. நான்காவது வருஷம்தான் ஒரு துப்பாக்கியை நானே பிரித்து நானே பூட்டினேன். பயிற்சி என்றால் இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தோணிசாமி மேஸ்திரி.

மேஸ்திரிதான் கடையின் உரிமதாரர். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார். அவர் துடைக்க ஆரம்பித்தால் கடையில் இருந்த நாலு பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். செய்யச் சொன்னதை மறுபடியும் அதே குரலில் சொல்வார்.

ஒரு துப்பாக்கி கடைக்குள் வந்தால் அவர் வைத்த முறை இது. முனை மணல்பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். தோட்டா அடைக்கிற மேகசின் வெளியே வர வேண்டும். தோட்டா உட்காருகிற அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் அதையே செய்து அதையே சொல்ல வேண்டும். பிறகு குழலுக்குள் கம்பியை விட்டு, அது மறுமுனை வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கப்புறம்தான் திருப்புளியைத் தொடலாம். நடுவில் யாராவது எழுந்து போய்விட்டு வந்தால், அது ஒன்றுக்குப் போனதாக இருந்தாலும், முதலிலிருந்து எல்லாம். மழை நாளில் ஒரே துப்பாக்கிக்கு ஐந்து முறை "காலி" சொல்லியிருக்கிறேன். அவர் இல்லாத நேரத்தில் அவருக்குக் "காலி மேஸ்திரி" என்று பேர் வைத்துச் சிரிப்போம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் ஜெசிந்தா என்கிற பெண் கடைக்கு வந்தார். ஏற்காட்டில், தலைச்சோலைக்கு மேலே அவருடைய அப்பா வைத்திருந்த காப்பி எஸ்டேட்டை, அப்பா இறந்தபிறகு அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். மாநிலப் போட்டிகளில் சுட்டுக்கொண்டிருந்தவர். கிளப் மூலம் முறைப்படி இறக்குமதியான பாயிண்ட் டூ டூ பிஸ்டல் அவருடையது. அதே பெட்டியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டும் வந்திருந்தது. முன்னால் குண்டு வெளியேற ஒரு துளை, மேற்புறத்தில் மூன்று பிளவுகள். அதுதான் காம்பென்சேட்டர். நாங்கள் கடையில் மூக்கு என்போம். குண்டைத் தள்ளிக்கொண்டு வருகிற காற்றில் கொஞ்சத்தை அது மேற்பக்கமாக வெளியே விடும். அந்த வேகம் குழலைக் கீழ்நோக்கி அழுத்தும். அடுத்தடுத்து ஐந்து குண்டு சுடும்போது முனை எகிறாது. மாநில அணித் தேர்வுக்கு அவருக்கு அது வேண்டியிருந்தது.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. மேஸ்திரி மாட்டவில்லை. நம் ஆயுதச் சட்டத்தில், சத்தத்தையோ நெருப்பு வெளிச்சத்தையோ குறைப்பதற்காகச் செய்த துணைக்கருவியும் துப்பாக்கிக் கணக்கிலேயே வருகிறது. சைலன்சர் ஒன்று தனியாக மேசைமேல் கிடந்தாலே அது உரிமமில்லாத துப்பாக்கி. மூக்கு சத்தத்தைக் குறைக்காது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் குழலின் முனையில் மாட்டுகிற உருளைதான். கலெக்டர் ஆபீசில் அனுமதி கேட்டு எழுதிப்போட்டு, பிஸ்டலையும் மூக்கையும் வெவ்வேறு இடத்தில் வைக்கச் சொன்னார் மேஸ்திரி. பிஸ்டல் எஸ்டேட்டில், மூக்கு எங்கள் கடை இரும்புப் பெட்டியில்.

அதற்குள் ஏற்காட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. இந்த எஸ்டேட்டில் சைலன்சர் வைத்த துப்பாக்கி இருக்கிறது, ராத்திரியில் கடமான் அடித்தாலும் யாருக்கும் கேட்காது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். அது போலீஸ் வரை போயிற்று. கடைசியில், நேரில் சுட்டுப் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. மூக்கு இல்லாமல் ஐந்து குண்டு, மாட்டி ஐந்து குண்டு. சத்தம் குறைந்தால் அந்த இடத்திலேயே பறிமுதல், ஜெசிந்தாவின் மேல் வழக்கு. குறையாவிட்டால் அனுமதிக்குப் பரிந்துரை.

மேஸ்திரியும் நானும் காலை பஸ்ஸில் மலையேறினோம். மூக்கு அவர் மடியில், துணிப்பையில் இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருபது வளைவுகளிலும் அப்படித்தான்.

காப்பிக் களத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த மேடு ஒன்று இருந்தது. அதன் முன்னால் அட்டையில் குறிக்காகிதம் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சாய்ப்பு, அதில் ஒரு மேசை. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், வேறு மாவட்டத்துக்காரர், மலைக்குளிரில் மஃப்ளர் சுற்றியிருந்தார். கூட கலெக்டர் ஆபீஸ் ஆயுத உரிமப் பிரிவு டெபுடி தாசில்தார், எங்கள் பக்கத்து மனிதர். எஸ்டேட் காவல்காரர் சின்னாண்டி களத்தில் நின்றிருந்தார். மலை ஊர்க்காரர், அறுபது வயது இருக்கலாம். பன்றி விரட்ட எஸ்டேட்டுக்கு உரிமம் வாங்கியிருந்த இரண்டு நாட்டுத் துப்பாக்கிகளும் அவர் பொறுப்பில்தான். அந்த உரிமத்தில் அவர் பேரும் இருந்தது. பிஸ்டல் உரிமத்தில் இல்லை.

முதல் ஐந்து குண்டுகளை ஜெசிந்தா சுட்டார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சத்தத்தையும் தலைசாய்த்துக் கேட்டார். பிஸ்டலை மேசையில் வைத்ததும் நான் "காலி" என்றேன். மேஸ்திரி பார்த்து "காலி" என்றார். பிறகு மூக்கை மாட்டினேன். மரையில் தூசி இல்லாமல் பிரஷ்ஷால் துடைத்து, விரலாலேயே சுற்றி, பிளவுகள் நேர் மேலே வரும்படி நிறுத்தி, பூட்டுத் திருகை இறுக்கினேன். கம்பியை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் உரசாமல் போய் வந்தது.

அந்த நேரத்தில் பனி இறங்கியது. சில்வர் ஓக் மரங்கள் முதலில் போயின, பிறகு அட்டை, பிறகு மண்மேடே தெரியவில்லை. பார்க்காமல் சுட முடியாது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று இன்ஸ்பெக்டர் எஸ்டேட் பங்களாவுக்குள் போனார். மேஸ்திரியும் தாசில்தாரும் அவர் பின்னால் போனார்கள். போகும்போது மேஸ்திரி ஜெசிந்தாவிடம், பிஸ்டல் அவர் உரிமத்தில் இருப்பதால் அவர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேறு கவலை. ஐந்து குண்டு சுட்டதில் தோட்டாவின் காலி உறை நாலுதான் கையில் இருந்தது. ஐந்தும் கணக்கில் வர வேண்டும். களத்துக்குக் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் முட்டிபோட்டுத் தேடினேன். ஈரச் சருகுக்கு அடியில் அது கிடைத்தபோது பனியும் விலக ஆரம்பித்திருந்தது.

நான் மேலே வந்தபோது எல்லோரும் பங்களாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவும் அவர்களுடன்தான் வந்தார். இறக்குமதிக் காகிதங்களைக் காட்டும்படி இன்ஸ்பெக்டர் நடுவில் அவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். மேசைக்குப் பக்கத்தில் சின்னாண்டி கைகட்டி நின்றிருந்தார்.

ஜெசிந்தா மேகசினில் ஐந்து தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு பிஸ்டலை எடுக்கப் போனார். மேஸ்திரி மேசையின் மேல் கையை நீட்டி மறித்தார்.

"ஒருக்கா பாத்துரலாமுங்க."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "இப்பதானே ரெண்டு பேரும் காலி காலின்னு ஏலம் விட்டீங்க? டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பிஸ்டல் குண்டு முட்டை போட்டுடுச்சா?"

"எந்திரிச்சுப் போயிட்டு வந்தோமுங்க. மொதல்லருந்து பாத்துருவோமுங்க."

"மறுபடியும் பனி இறங்கினா உங்க மேஸ்திரியே வந்து ஊதி விலக்குவாரா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். தாசில்தார் சிரித்தார். நான் அறையைத் திறந்து பார்த்தேன். விரலை விட்டேன். "காலி" என்றேன். மேஸ்திரியும் சொன்னார். பிறகு முன்பக்கமிருந்து கம்பியை விட்டேன்.

கம்பி விரல் நீளம்கூடப் போகவில்லை. நின்றுவிட்டது.

முதலில் நான் கம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். எடுத்துப் பார்த்து மறுபடி விட்டேன். மூக்கைத் தாண்டி, குழலின் வாய் ஆரம்பிக்கிற இடத்தில், மெத்தென்ற ஏதோ ஒன்றில் முட்டியது. மேஸ்திரி என் கையிலிருந்து கம்பியை வாங்கித் தானும் விட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிறகு மேகசினைத் தரும்படி ஜெசிந்தாவிடம் கேட்டு வாங்கி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தார்.  

அடைத்த குழலில் சுட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. குழல் உப்பும், அல்லது கிழியும். மூக்கு பிய்த்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பறக்கும். பிடித்த கை ஜெசிந்தாவுடையது.

மூக்கைக் கழற்றினேன். குழல் வாயில் கறுப்பாக ஒரு துணி உருண்டை, தேன்மெழுகில் தோய்த்தது. இடுக்கியால் இழுத்து மேசையில் வைத்தேன்.

"உள்ள என்னய்யா வச்சிருக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மாறிவிட்டது. "சத்தத்தை அமுக்கறதுக்கா? சோதனை பண்றப்பவே என் கண்ணு முன்னாடியா?"

அந்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவருக்கு வேண்டிய சாட்சி மேசைமேல் மெழுகு மணத்தோடு கிடந்தது. ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் சின்னாண்டி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க வாயடைச்சேன்."

"எதுக்கு?"

"பனி எறங்குச்சுங்களே. குழல்ல ஈரம் ஏறுமுங்க. நம்ம ஊட்டுத் துப்பாக்கிக்கெல்லாம் அப்புடித்தானுங்க செய்யறது. இதுக்கு மூக்குல ஓட்டை நொம்பங்க, முன்னால மட்டும் அடைச்சா பத்தாது. அதான் குழலோட நெசமான வாய் எங்க இருக்குன்னு பாத்து, குச்சியில தள்ளி அங்க வச்சேன்."

மலையில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. வெடிமருந்து கெட்டித்த துப்பாக்கி சுவரில் நாள் கணக்கில் தொங்கும். பனியில் மருந்து நமுத்துவிடும் என்று வாயை மெழுகுத் துணியால் அடைத்துவைப்பார்கள். சுடுவதற்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். அங்கே அடைப்பு குழலின் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். இவர் யோசித்து, சரியான இடமாகப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வைத்துவிட்டார். நாங்கள் வந்தவுடன் பிஸ்டலை எடுப்போம் என்றோ, அதற்கு முன்னால் தான் சொல்ல வேண்டும் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. துப்பாக்கி எடுக்கிறவர் வாயைப் பார்க்காமலா எடுப்பார் என்று இருந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. எஸ்டேட் துப்பாக்கிகளைக் கொண்டுவரச் சொன்னார் மேஸ்திரி. இரண்டும் வந்தன. இரண்டின் வாயிலும் அதே கறுப்புத் துணி, அதே மெழுகு. இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார், மேசையில் கிடந்ததையும் முகர்ந்தார். சத்தத்தை அமுக்க வைத்தது இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அதோடு விடவில்லை. உரிமம் இல்லாத ஆள் பிஸ்டலை எடுத்திருக்கிறான், ஒரு உயிர் போக இருந்தது, அதுவும் தான் இருக்கும்போது. ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.

"யாரு உன்னைத் தொடச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க செஞ்சேன். சேர்வராயன் சாமி சத்தியமுங்க."

"நான் சொன்னேன் சார்" என்றார் ஜெசிந்தா.

சின்னாண்டி அவர் பக்கம் திரும்பாமலே, "சின்னம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார்.

"உள்ள வர்றப்ப, பனி படாம பாத்துக்கங்கண்ணான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன் சார். அவர் கையில விட்டுட்டு வந்தது நான்."

டெபுடி தாசில்தார் ஜெசிந்தாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. "ஏனுங்கம்மா, யோசிச்சுத்தான் பேசறீங்களா? இத எழுதுனா, உரிமம் வச்சிருக்கறவங்களே ஆயுதத்த அடுத்தவங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்கன்னு ஆகும். மூக்கு கதை வேற, இது வேற. லைசென்ஸ நிறுத்திருவாங்க. அந்தாளு ஒத்துக்கறாருல்ல, உட்டுருங்க."

ஜெசிந்தா என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. திரும்பி வந்தவர் மேஸ்திரியிடம், சோதனையை முடித்துவிடலாமா என்று கேட்டார். ஜெசிந்தாவை உள்ளே கூப்பிட்டது இன்ஸ்பெக்டர்தான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா அதைச் சொல்லவில்லை. மேஸ்திரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெசிந்தா தலையை ஆட்டினார். மேஸ்திரி நிறுத்திக்கொண்டார்.

குழலை மூன்று தடவை துடைத்தேன். துணியில் மெழுகுப் பிசுக்கு போகும்வரை துடைத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மேஸ்திரியும் பார்த்தார், நானும் பார்த்தேன். மூக்கை மாட்டினேன். கம்பி முழுவதும் போய் வந்தது. சத்தத்தில் ஒரு துளிகூட விட்டுவிடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். தள்ளி நிற்கும்படி மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். அவர் நகரவில்லை.

ஜெசிந்தா கையை நீட்டி, இறக்கி, மறுபடி நீட்டினார். அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அடுத்தடுத்து ஐந்து. மூக்கின் பிளவுகள் வழியாக வருகிற சத்தம் சுடுகிறவரைவிடப் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் அறையும். இன்ஸ்பெக்டர் முதல் குண்டிலேயே காதைப் பொத்தினார். ஐந்தும் காகிதத்தில் விழுந்திருந்தன. ஐந்து உறைகளும் இந்த முறை களத்திலேயே கிடைத்தன.

"குறைஞ்சுதுங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

"என்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தாசில்தார் மறுபடி கேட்டார். இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்துகொண்டே, "இதையா சைலன்சர்னு சொன்னானுங்க?" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து எழுதினார். மூக்கு சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கவில்லை என்று எழுதினார். அதற்குக் கீழே, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். பிஸ்டல் கைமாறியதற்குப் பேர் ஒன்று வேண்டும், சின்னாண்டி பேரா, ஜெசிந்தா பேரா என்று கேட்டார். குரலில் இப்போது அதட்டல் இல்லை. எழுதாமல் விட அவருக்கும் மனம் இருந்ததோ என்னவோ. ஆனால் கேட்டுவிட்டார்.

"என் பேர் எழுதுங்க சார்."

மூக்குக்கு முறைப்படி அனுமதி வந்தது. அந்த மாவட்டத்தில் அப்படி வந்த முதல் அனுமதி அது என்று மேஸ்திரி சொல்வார். அதற்குப் பிறகு என் கையால் ஏழு பிஸ்டல்களுக்கு மாட்டியிருக்கிறேன், எல்லாம் அதே வழியில் அனுமதி வாங்கித்தான். ஆனால் அனுமதி வந்த அதே வாரம் ஜெசிந்தாவின் உரிமத்தை நிறுத்திவைத்த உத்தரவும் வந்தது. அது திரும்பக் கிடைப்பதற்குள் மாநில அணித் தேர்வு முடிந்துவிட்டது. அடுத்த தேர்வுக்கு அவர் போனதாக எனக்குத் தெரியவில்லை. போன் செய்கிற இளைஞர்களே, மாட்டலாம். அனுமதி வாங்கி மாட்டலாம். மாட்டியபிறகு அந்தப் பிஸ்டல் எந்த நிமிஷம் யார் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. நான் சொல்ல வந்த பதில் இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பிஸ்டலைப் பெட்டியில் வைத்து, கடையில் டெபாசிட்டாக வைப்பதற்காக மேஸ்திரியிடம் ஒப்படைத்தார் ஜெசிந்தா. போலீஸ் ஜீப் ஆளைக் கூட்டிக்கொள்ளாமலே போய்விட்டது. சின்னாண்டி களத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தார். கிட்டே வரவில்லை, ஊருக்கும் கிளம்பவில்லை. நின்றவாக்கில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். நாங்கள் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியபோது ஜெசிந்தா அவரிடம் போனார்.

"நாளைக்கு மேக்காட்டுல மொளகுக்கொடி கட்டணுமுங்கண்ணா. ஆளு பத்தாது. நேரத்துல வந்துருங்க."

 அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கயிறு இருக்குதுங்களா, நான் கொண்டாரட்டுமா?" என்று கேட்டார்.